பூமிக்குக் கணக்கு எழுதிய குமரப்பா

பம்பாயில் கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்தவர், கிராமத்துக்கு வந்து மண்ணின் கணக்கைத் தணிக்கை செய்தார்

1929-ம் ஆண்டு, மே மாதம் 9-ந் தேதி. பகல் நேரம். குஜராத்தில் சபர்மதி ஆற்றங்கரையில் இருந்த காந்தியடிகளின் ஆசிரமத்துக்கு ஒரு கனவான் வந்தார். மேல்நாட்டு உடை, கையில் கைத்தடி, முகத்தில் மிடுக்கு. இரண்டரை மணிக்குக் காந்தியடிகளைச் சந்திக்க அவருக்கு நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அதற்கு இன்னும் சில நிமிஷங்கள் இருந்தன.

ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில், கிழவர் ஒருவர் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். கனவான் அதுவரை ராட்டையைக் கண்ணால் கண்டதில்லை. கைத்தடியில் சாய்ந்தபடி நின்று வேடிக்கை பார்த்தார். சிறிது நேரத்தில் கிழவர் தம் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். மணி இரண்டரை. வந்திருப்பவர் குமரப்பாதானா என்று கேட்டார். அப்போதுதான் கனவானுக்கு விஷயம் புரிந்தது. மரத்தடியில் இருந்தவர்தான் காந்தியடிகள்!

அங்கே நாற்காலி இல்லை. உடுப்பின் மடிப்புக் கலைவதைப் பற்றிக் கவலைப்படாமல், குமரப்பா தரையில் உட்கார்ந்தார். அன்று உட்கார்ந்தவர், பிறகு நாற்காலி வாழ்க்கைக்குத் திரும்பவே இல்லை.

தஞ்சையில் பிறந்தவர்

குமரப்பா 1892-ம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ந் தேதி தஞ்சாவூரில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சாலமன் துரைசாமி கொர்னேலியஸ் மராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் பெயர் எஸ்தர். பிள்ளைக்கு ஜோசப் செல்லத்துரை என்று பெயர் வைத்தார்கள். ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்ற பெயருடனேயே அவர் வளர்ந்தார். குமரப்பா என்பது குடும்பத்தின் பழைய பெயர். நடுவயதில்தான் அதை அவர் எடுத்துக்கொண்டார்.

வாலிப வயதில் லண்டனுக்குப் போனார். கணக்குத் தணிக்கைப் படிப்பைப் படித்துத் தேறினார். முதல் உலகப் போர் நடந்த காலம் முழுவதும் அங்கேயே இருந்தார். தாயாரின் விருப்பப்படி 1919-ம் ஆண்டு தாய்நாட்டுக்குத் திரும்பினார். பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தினார். நல்ல வருமானம் வந்தது.

ஆடிட்டர் தொழிலுக்கு அடிப்படையான விதி ஒன்று உண்டு. முதலை எடுத்துச் செலவு செய்துவிட்டு, அதை லாபம் என்று எழுதக் கூடாது. ஒரு கடைக்காரர் கடையில் இருக்கும் சாமானை எல்லாம் அசல் விலைக்குக் கீழே விற்றால், பெட்டியில் பணம் நிறையத்தான் செய்யும். ஆனால் ஆண்டு முடிவில் ஐந்தொகை எழுதிப் பார்த்தால் கடை காலி! இந்த விதி குமரப்பாவின் ரத்தத்தில் ஊறியிருந்தது. பிற்காலத்தில் அவர் சொன்ன அத்தனை பொருளாதாரத்துக்கும் இதுவே வித்து.

அமெரிக்காவில் திறந்த கண்

1927-ம் ஆண்டு அவர் அமெரிக்கா சென்றார். முதலில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தார். பிறகு நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன் என்ற பேராசிரியரிடம் பொது நிதி பற்றிப் படித்தார்.

அந்த நாளில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றி அவர் சொற்பொழிவு ஆற்றினார். அந்தச் செய்தி பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த பேராசிரியர், அதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி யோசனை சொன்னார். குமரப்பா இந்திய சர்க்காரின் வரவு செலவுகளைத் தோண்டித் துருவினார். குடியானவரிடமிருந்து பணம் போகும் பாதையைக் கண்டார். அது அவரிடம் திரும்பி வராததையும் கண்டார். ஆங்கில ஆட்சியை மெச்சிக்கொண்டிருந்த மனம் அடியோடு மாறியது.

அந்த ஆராய்ச்சிக் கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் 1929-ம் ஆண்டு சபர்மதிக்கு வந்தார். காந்தியடிகள் அதைத் தமது பத்திரிகையில் வெளியிட ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் கேடா ஜில்லா, மாதர் தாலுகாவில் வீடு வீடாகப் போய் மக்களின் பொருளாதார நிலையைக் கணக்கெடுக்க வேண்டும்! குமரப்பாவுக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். கம்பெனிகளின் பேரேட்டைப் புரட்டிய கை, ஏழைக் குடியானவரின் அடுப்பங்கரைக் கணக்கைப் புரட்டியது.

பிறகு சத்தியாக்கிரகம் வந்தது. காந்தியடிகளின் "யங் இந்தியா" பத்திரிகையை நடத்தும் பொறுப்பு வந்தது. சிறைவாசமும் வந்தது.

கண்டிப்பான கணக்கர்

1934-ம் ஆண்டு ஜனவரியில் பீகாரில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டார்கள். நிவாரண நிதியின் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு இத்தனை அணாதான் என்று அளவு குறித்துவிட்டார்.

காந்தியடிகளும் அவரது கூட்டத்தாரும் பீகாருக்கு வந்தார்கள். அவர்களுடைய செலவு அந்த அளவுக்குள் அடங்கவில்லை. நிவாரண நிதியிலிருந்து ஒரு காசும் தர முடியாது என்று குமரப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தப் பணம் வீடிழந்தவர்களின் பணம் என்பது அவரது வாதம். காந்தியடிகள் கோபிக்கவில்லை. அந்த நேர்மையில் மகிழ்ச்சியே அடைந்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் பிறந்தது. அதை நடத்தும் பொறுப்பைக் குமரப்பாவிடமே காந்தியடிகள் ஒப்படைத்தார். வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டத்தில், மகன்வாடி என்ற இடத்தில், வேலை தொடங்கியது.

நெல் போகும் வழி

மகன்வாடியில் என்ன செய்தார்கள்? நெல் குத்தினார்கள். மாவு அரைத்தார்கள். செக்கில் எண்ணெய் ஆட்டினார்கள். ஈச்ச மரத்திலும் பனை மரத்திலும் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சினார்கள். காகிதம் செய்தார்கள். தேனீ வளர்த்தார்கள். பழைய செக்கையும் பழைய திரிகையையும் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. குறைந்த உழைப்பில் அதிக வேலை நடக்கும்படி அவற்றைத் திருத்தினார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு ஒன்றையும் உண்டாக்கினார்கள். அதற்கு மகன் தீபம் என்று பெயர்.

இதையெல்லாம் பார்த்த பலர், இது பழைய காலத்துக்குத் திரும்பும் பைத்தியம் என்று சிரித்தார்கள். ஆனால் குமரப்பா ஆசைக்காகச் செய்யவில்லை. கணக்குப் பார்த்துச் செய்தார்.

நெல்லையே எடுத்துக்கொள்ளலாம். கிராமத்தில் விளைந்த நெல் வண்டி ஏறி டவுனுக்குப் போகிறது. மில்லில் எஞ்சின் ஓட எண்ணெயோ நிலக்கரியோ எரிகிறது. சத்துள்ள தவிடு உரிந்து போகிறது. வெள்ளை அரிசி சாக்கில் கட்டப்பட்டுக் கிட்டங்கிக்குப் போகிறது. பிறகு லாரி ஏறிக் கடைக்கு வருகிறது. கடைசியில் நெல்லை விளைவித்தவரே அந்த அரிசியை வாங்கி வருகிறார்! போன வழியெல்லாம் எரிபொருள் செலவு. வந்த வழியெல்லாம் தரகு. ஊரில் நெல் குத்திப் பிழைத்த பெண்ணுக்கோ வேலை போயிற்று.

மலையாளக் கரையில் நெல் வயல்கள் தென்னந்தோப்புகளாக மாறியதையும் அவர் எடுத்துக்காட்டினார். தேங்காய் எண்ணெய் சோப்புத் தொழிற்சாலைக்குப் போனது. சாப்பிடும் அரிசியோ தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று. திருவிதாங்கூர் பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942-ம் ஆண்டு பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. கப்பல் நின்றது. அடுப்பும் அணைந்தது.

ஆகவே குமரப்பா ஒரு திட்டம் வகுத்தார். சுமார் ஒரு லட்சம் மக்கள் கொண்ட கிராமங்களை ஒரு தொகுதியாகச் சேர்க்க வேண்டும். அந்த மக்களுக்குத் தேவையான தானியம், பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், பருத்தி எவ்வளவு என்று முதலில் கணக்கிட வேண்டும். அதற்கேற்ப நிலத்தைப் பிரித்துப் பயிர் செய்ய வேண்டும். மிஞ்சியது மட்டும் வெளியே போகலாம். தானியத்தை நகரத்துக் கிட்டங்கிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. ஊரிலேயே பூச்சி அரிக்காமல் சேமிக்கலாம். இதற்குப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வேண்டும். இதுதான் அவருடைய திட்டம்.

முதலும் வட்டியும்

1942-ம் ஆண்டு "வெள்ளையனே வெளியேறு" கிளர்ச்சி எழுந்தது. குமரப்பா மறுபடி சிறைப்பட்டார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று ஏசுநாதரின் போதனை பற்றியது. மற்றொன்று நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றியது. இரண்டையும் படித்த காந்தியடிகள் மகிழ்ந்து, அவருக்கு இரண்டு டாக்டர் பட்டங்களைத் தாமாகவே சூட்டினார்.

இரண்டாவது புத்தகத்தின் கருத்து எளிமையானது. உலகில் இருவகைச் செல்வம் உண்டு. ஒன்று தேங்கிக் கிடப்பது. நிலக்கரி, பெட்ரோல், உலோகத் தாது ஆகியவை இந்த வகை. எடுக்க எடுக்கக் குறையும். மறுபடி ஊறாது. மற்றொன்று ஓடிக்கொண்டிருப்பது. ஆற்று நீர், காற்று, காட்டில் வளரும் மரம், மாடு, மனித உழைப்பு ஆகியவை இந்த வகை. அளவோடு எடுத்தால் மறுபடி வரும்.

தேங்கிய செல்வம் என்பது முதல். ஓடும் செல்வம் என்பது வட்டி. வட்டியில் வாழ்கிற குடும்பம் பல தலைமுறைக்கு நிற்கும். முதலைத் தின்கிற குடும்பம் பேரன் காலத்தில் தெருவுக்கு வரும். தேங்கிய செல்வத்தைப் பிடிக்கத்தான் நாடுகள் சண்டை போடுகின்றன என்றும் அவர் எழுதினார். லாரிக்கு ஊற்றும் எண்ணெயை லாபக் கணக்கில் எழுதுவது, முதலைத் தின்றுவிட்டு வருமானம் என்று எழுதுவதற்குச் சமம். பம்பாய் ஆடிட்டரின் பழைய விதி இங்கே பூமிக்கே பொருந்திவிட்டது!

டிராக்டர் விஷயத்திலும் அவர் இப்படியே கணக்குப் பார்த்தார். மாடு ஊரில் விளைந்த வைக்கோலைத் தின்கிறது. உழுகிறது, வண்டி இழுக்கிறது, சாணம் தருகிறது. டிராக்டர் உழும், ஆனால் எரு தராது. எண்ணெய்க்கும் வெளியே கையேந்த வேண்டும், எருவுக்கும் வெளியே கையேந்த வேண்டும். ரசாயன உரம் சில காலம் விளைச்சலைத் தூக்கிக் காட்டும், மண்ணின் பலத்தைக் குறைக்கும் என்று எச்சரித்தார். குப்பையையும் கழிவையும் மக்க வைத்து வயலுக்கே திருப்பித் தர வேண்டும் என்றார்.

கேட்பார் இல்லை

1947-ம் ஆண்டு சுதந்திரம் வந்தது. காங்கிரஸ் கட்சி அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். 1949-ம் ஆண்டு குழுவின் அறிக்கை வெளிவந்தது. இடைத்தரகர்களை ஒழித்து, உழுகிறவருக்கு நிலம் தரவேண்டும் என்று அறிக்கை கூறியது.

ஆனால் நாடு வேறு வழியில் புறப்பட்டுவிட்டது. பெரிய அணைகள், இரும்பு ஆலைகள், உரத் தொழிற்சாலைகள் எழுந்தன. பழைய நண்பர்கள் பலர் மந்திரிகளாகிவிட்டார்கள். குமரப்பாவின் பேச்சில் காரம் அதிகம். யாருக்கும் வளைந்துகொடுக்க மாட்டார். மெல்ல மெல்ல அவர் தனித்து நின்றார்.

அவரை மறுத்தவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. 1943-ம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான மக்கள் மடிந்ததை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். பெருகும் மக்களுக்குச் சோறு போடுவது எப்படி என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. குமரப்பா மறைந்த பிறகு, 1965-ம் ஆண்டிலும் 1966-ம் ஆண்டிலும் கடும் வறட்சி வந்தது. அமெரிக்கக் கப்பலில் வந்த கோதுமை நாட்டின் பசியைத் தணித்தது. புது விதையும் உரமும் பம்புசெட்டும் வந்த பிறகே அந்த நிலை மாறியது. இதை மறைத்தால் கணக்கு நேர்மையாக இராது.

இன்றைய பேரேடு

ஆனால் குமரப்பா எழுதிவைத்த மறுபக்கத்தையும் மறைக்க முடியாது. எரித்த நிலக்கரியும் எண்ணெயும் தீர்ந்துபோகும் என்பதுதான் அவர் காலத்துக் கவலை. எரித்த புகை எங்கே போகிறது என்ற கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை. 1958-ம் ஆண்டு, ஹவாய்த் தீவின் ஒரு மலைமேல், காற்றில் உள்ள கரியமில வாயுவை நாள்தோறும் அளக்கத் தொடங்கினார்கள். அப்போது காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. 2024-ம் ஆண்டில் அது 420-க்கு மேல் இருந்தது. இந்த வாயு போர்வைபோல் பூமியைச் சுற்றி நின்று உஷ்ணத்தை வெளியே விடாமல் தடுக்கிறது. மழை தவறுகிறது. வெயில் ஏறுகிறது. முதலில் அடிபடுகிறவர் குடியானவர்தான்.

ஐக்கிய நாட்டுச் சபையின் விஞ்ஞானிகள் குழு 2019-ம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. மனிதர்களால் உண்டாகும் உஷ்ண வாயுக்களில் 21 முதல் 37 சதவிகிதம் வரை உணவை விளைவித்து, பக்குவம் செய்து, கொண்டுபோய்ச் சேர்த்து, சமைத்து உண்பதால் வருகிறது என்று அது கணக்கிட்டது. வயலிலிருந்து இலை வரை ஒவ்வொரு கண்ணியாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்று இன்று உலகமே சொல்கிறது. நெல் போகும் வழியைக் குமரப்பா எண்ணிப் பார்த்ததும் அப்படித்தான்.

எல்லாக் கண்ணியும் ஒரே அளவு அல்ல. லாரிச் செலவைவிட, காட்டை அழிப்பதும், உரமும், கால்நடையும், நெல் வயலும் பொதுவாக அதிக வாயுவை விடுகின்றன. யூரியா செய்ய இயற்கை எரிவாயுவோ நிலக்கரியோ வேண்டும். வயலில் மிஞ்சும் உரத்திலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்ஸைடு, எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு உஷ்ணத்தைப் பிடித்து வைக்கும். எருவையும் தழையையும் கொண்டு ரசாயன உரத்தைக் குறைத்தால், தொழிற்சாலையிலும் மிச்சம், வயலிலும் மிச்சம்.

குமரப்பாவின் கணக்கில் ஒரு விடுபாடும் உண்டு. அசை போடும் மாடு மீதேன் என்ற வாயுவை விடுகிறது. தண்ணீர் கட்டிநிற்கும் நெல் வயலும் அதையே விடுகிறது. அவர் காலத்தில் இதை யாரும் ஒரு குற்றமாக எண்ணவில்லை. நெல் வயலுக்கு மருந்து நம் குடியானவருக்குப் புதிதல்ல. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால், மீதேன் பாதியளவுக்குக்கூடக் குறையும் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். தண்ணீரும் மிச்சம்.

சேமிப்பு பற்றி அவர் சொன்னதும் வீண் பேச்சல்ல. உலகில் மனிதர் உண்பதற்கென்று விளையும் உணவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது என்று உலக உணவு விவசாய ஸ்தாபனம் 2011-ம் ஆண்டு மதிப்பிட்டது. அழுகிப்போகும் தக்காளிக்கும், புழுத்துப்போகும் தானியத்துக்கும் எரித்த எண்ணெய் முழுவதும் வீண்தான்.

கல்லுப்பட்டிக் குடிசை

கடைசிக் காலத்தில் குமரப்பா மதுரை ஜில்லா டி. கல்லுப்பட்டிக்கு வந்தார். அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு குடிசையில் வாழ்ந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ரத்த அழுத்தம் அவரை வாட்டியது. ஆனாலும் கிராமத்தாரைச் சந்திப்பதையும் எழுதுவதையும் விடவில்லை.

குடிசையில் காந்தியடிகளின் படம் இருந்தது. இன்னொரு படமும் இருந்தது. அது கந்தல் உடுத்திய ஓர் ஏழைக் கிராமத்தாரின் படம். வந்தவர்கள் அது யார் என்று கேட்பார்கள். காந்தியடிகள் தமக்குக் குரு என்றும், அந்த ஏழை தம் குருவுக்கே குரு என்றும் குமரப்பா விளக்குவார்.

1960-ம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ந் தேதி, சென்னை ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. அதே தேதியில்தான், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், காந்தியடிகள் மறைந்தார். அப்போது குமரப்பாவுக்கு வயது 68.

பங்களாவும் தோட்டமும் சேர்த்திருக்கக்கூடிய மனிதர் எதையும் சேர்த்து வைக்கவில்லை. ஒரு கணக்கை மட்டும் எழுதிவைத்துப் போனார். உலையில் போடும் ஒரு படி அரிசி எங்கே விளைந்தது, எந்த எரு தின்றது, எவ்வளவு தூரம் வந்தது, வழியில் எவ்வளவு எரிந்தது என்று கேட்கச் சொல்லும் கணக்கு அது. கேட்டுப் பார்க்கும் வீட்டில், பேரப்பிள்ளைகளுக்கு முதல் மிஞ்சும்.